இங்வார் என்றொரு பெயர்



இன்று உங்களோடு ஒரு பெயரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியில், நீண்ட பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும் சுவீடன் நாட்டில் வழங்கிய ஆண்பிள்ளைப் பெயர் அது. 'இங்வார்' என்பது அந்தப் பெயர். நம் தோட்டத்து லயங்களில் எவரும் இதைப் பிள்ளைக்கு வைத்திருக்க மாட்டார்கள். அந்த நாட்டிலேயே இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு இதை வைப்பது அபூர்வமாகிவிட்டது. அப்படியிருக்க, இதைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பெயர் எங்கே பிறந்து, எப்படி ஊர்ஊராகப் போய், எப்படி உருமாறி, எப்படி மறக்கப்படுகிறது என்பதை இந்தப் பெயரின் கதை நன்றாகக் காட்டுகிறது. அதைப் பார்த்த கண்ணோடு நம் வீட்டுப் பெயர்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

தெம்பனிசிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் தெம்பனிஸ் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெரிய நகரம். இந்த ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். 'தெம்பினிஸ்' என்பது மலாய்க்காரர்கள் ஒரு காட்டு மரத்துக்கு இட்ட பெயர். மிகவும் கெட்டியான, எளிதில் இற்றுப்போகாத மரம். இந்த வட்டாரத்தில் அது நிறைய வளர்ந்ததால் ஊருக்கும் அந்தப் பெயர் அமைந்தது. பின்னாளில் இங்கே கம்பங்களும் தோட்டங்களும் மணல் தோண்டிய பள்ளங்களும் இருந்தன. 1980-களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழும்பின. காடு போய்விட்டது, மரத்தின் பெயர் மட்டும் ஊரின் மேல் தங்கிவிட்டது.

அந்தத் தெம்பனிசில் 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கட்டில், அலமாரி, மேசை, நாற்காலி விற்கும் மிகப் பெரிய கடை ஒன்று திறக்கப்பட்டது. நீல நிறச் சுவரில் மஞ்சள் எழுத்தில் 'ஐகியா' என்று போட்டிருக்கும். ஜொகூரில் தெப்ராவ் பக்கத்திலும் 2017-ஆம் ஆண்டில் அதன் கிளை ஒன்று வந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் இந்தக் கடையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு நான்கே எழுத்துகள்: ஐ, கே, இ, ஏ. இவற்றுக்கு என்ன பொருள் என்று கேட்டால் கடைக்குப் போய் வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

முதல் எழுத்து 'இங்வார்' என்ற பெயரைக் குறிக்கிறது. கடையைத் தொடங்கியவர் பெயர் இங்வார் காம்ப்ராட். இரண்டாம் எழுத்து காம்ப்ராட் என்ற அவருடைய குடும்பப் பெயர். மூன்றாம் எழுத்து எல்ம்தாரிட். அவர் வளர்ந்த பண்ணையின் பெயர். நான்காம் எழுத்து ஆகுன்னாரிட். அந்தப் பண்ணை இருந்த ஊர். ஆக, ஆள், குடும்பம், பண்ணை, ஊர் ஆகிய நான்கும் நான்கு எழுத்துகளில் அடங்கிவிட்டன.

இது நமக்குப் புதிய வழக்கமா? இல்லவே இல்லை. ஈ.வெ.ரா. என்று நாம் சொல்லும்போது முதலில் வரும் 'ஈ' ஈரோடு என்ற ஊர். அடுத்து வரும் 'வெ' தந்தையார் வெங்கடப்பர். கடைசியில் வரும் 'ரா' இராமசாமி என்ற அவருடைய பெயர். ஊரும் தந்தையும் முன்னால் நிற்க, ஆள் பின்னால் நிற்பது நம் வழக்கம். இங்வார் தம் பெயரை முன்னால் வைத்து ஊரைப் பின்னால் வைத்தார். வேறுபாடு அவ்வளவுதான். 'நீ எந்த ஊர்? எந்தத் தோட்டம்? யார் மகன்?' என்று கேட்ட பிறகுதான் நம் பெரியவர்கள் ஒருவரை முழுதாக அறிந்ததாகக் கொள்வார்கள். சுவீடன் நாட்டுக் குடியானவர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

இந்த இங்வார் 1926-ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தீப்பெட்டிகளை மொத்தமாக வாங்கி அக்கம்பக்கத்து வீடுகளில் சில்லறையாக விற்றவர். 1943-ஆம் ஆண்டில், தமது 17-ஆம் வயதில், இந்த வியாபாரத்தைப் பதிவு செய்தார். அவருக்கு எழுத்துகளையும் எண்களையும் வாசிப்பதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எழுத்துகளும் எண்களும் கண்முன் இடம் மாறிக் குழப்பும் குறை அது. இதனால் சரக்குகளுக்கு எண் கொடுத்தால் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆகையால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர் வைக்கச் சொன்னார். நாற்காலிகளுக்கும் மேசைகளுக்கும் ஆண்களின் பெயர்கள், துணிகளுக்கும் திரைகளுக்கும் பெண்களின் பெயர்கள், வேறு சாமான்களுக்கு ஊர், ஏரி, தீவு ஆகியவற்றின் பெயர்கள் என்று ஒரு முறை வகுக்கப்பட்டது. தெம்பனிஸ் கடையில் விலைச்சீட்டுகளில் காணும் வாயில் நுழையாத சொற்களில் பல இப்படி வந்த பெயர்கள்தாம்.

எண் மறந்துவிடும், பெயர் நினைவில் நிற்கும் என்பது அவருடைய அனுபவம். தோட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாக விளங்கும். விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலைப் பார்த்து ஆள் கணக்கு எடுத்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். புத்தகத்தில் ஆளுக்கு ஒரு வரி. ஆனால் லயத்துக்குத் திரும்பிவிட்டால் எவரும் எவரையும் வரியாகவோ எண்ணாகவோ அழைத்ததில்லை. மாரியப்பண்ணன் என்றும் வீராயி அக்கா என்றும் பெயரையும் முறையையும் சேர்த்தே அழைத்தார்கள்.

சரி, இங்வார் என்ற பெயருக்குப் பொருள் என்ன? வட ஐரோப்பியர்கள் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவுவதற்கு முன் பல தெய்வங்களை வணங்கி வந்தார்கள். அவற்றுள் ஒரு தெய்வம் 'இங்' அல்லது 'இங்வி'. 'ஃபிரெய்ர்' என்றும் அந்தத் தெய்வத்தைச் சொல்வார்கள். மழை, வெயில், நிலத்தின் விளைச்சல் ஆகியவை அந்தத் தெய்வத்தின் கையில் இருப்பதாக நம்பினார்கள். நல்ல விளைச்சல் வேண்டும் என்றும் ஊரில் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்றும் அதை வேண்டிக்கொண்டார்கள். சுவீடனின் பழைய அரச குலமே அந்தத் தெய்வத்தின் வழி வந்தது என்று பழங்கதைகள் கூறுகின்றன. 'இங்' என்பதோடு, படைவீரன் என்று பொருள்படும் சொல் சேர்ந்து 'இங்வார்' ஆயிற்று. இங் தெய்வத்தின் வீரன் என்பது அதன் பொருள்.

அந்தத் தெய்வத்தின் பெயரை வைத்து இன்னும் பல பெயர்கள் உண்டு. நடிகை இங்கிரிட் பெர்க்மன் பெயரை மூத்த தலைமுறை கேட்டிருக்கும். இங்கிரிட் என்பதில் உள்ள 'இங்' இதே தெய்வம்தான். அழகு என்று பொருள்படும் சொல் அதோடு சேர்ந்திருக்கிறது. சுவீடனின் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மன் பெயரிலும் அதே 'இங்' இருக்கிறது.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். 'மாரி' என்றால் மழை. மழை தரும் அம்மன் மாரியம்மன். அவள் பெயரால் மாரியப்பன், மாரிமுத்து, மாரியாயி. எல்லையைக் காக்கும் முனீஸ்வரர் பெயரால் முனியாண்டி, முனியம்மா. பால்மரக் காட்டின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டுச் சூலம் வைத்து வழிபட்ட நம் முன்னோர், அந்தத் தெய்வத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்துக் காப்பாகக் கொடுத்தார்கள். சுவீடனின் குடியானவன் மழைத் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு இட்டதும், நம் பாட்டனார் மாரியின் பெயரைப் பிள்ளைக்கு இட்டதும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. வானத்தை நம்பிப் பிழைத்தவர்களின் மனம் அது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நம்மவரின் அடையாளக் கார்டில் தந்தை பெயருக்கு முன்னால் ஒரு குறி இருக்கும். மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவற்றின் சுருக்கம். சிங்கப்பூரில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். மற்ற இனத்தாருக்குக் குடும்பப் பெயர் இருக்க, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கோடு என்று பள்ளிப் பிள்ளைகள் சிலர் கூச்சப்படுவதுண்டு. ஆனால் வட ஐரோப்பாவிலும் இதே முறைதான் பன்னெடுங்காலம் இருந்தது. இங்வாரின் மகன் 'இங்வார்சன்'. மகள் 'இங்வார்ஸ்தோத்திர்'. 'சன்' என்றால் மகன், 'தோத்திர்' என்றால் மகள். சுவீடனில் 1901-ஆம் ஆண்டிலும் நார்வேயில் 1923-ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்களுக்குப் பிறகே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் எல்லாருக்கும் நிலைபெற்றது. ஐஸ்லாந்து நாட்டில் இன்றைக்கும் பெரும்பாலோர் தந்தை பெயரோடு மகன், மகள் என்று சேர்த்தே எழுதுகிறார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகத்தில்கூட ஆளின் சொந்தப் பெயரை வைத்தே அகர வரிசைப்படுத்துவது வழக்கமாக இருந்தது. நாட்டின் தலைவராக இருந்தாலும் சொந்தப் பெயரைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். ஆகவே, பிள்ளைகளே, அந்தக் கோட்டைப் பார்த்துக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி, இந்தப் பெயரைத் தாங்கிய பழைய காலத்து ஆள் ஒருவரைப் பார்ப்போம். ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து கடாரத்தின் மேல் படையெடுத்தான் என்று படித்திருப்பீர்கள். கடாரம் என்பது இன்றைய கெடா. ஏறக்குறைய அதே காலத்தில் சுவீடனிலிருந்து இங்வார் என்ற ஒரு தலைவன் பல கப்பல்களில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிழக்கே புறப்பட்டான். இன்றைய ரஷ்ய நாட்டு ஆறுகளின் வழியாகச் சென்று, காஸ்பியன் கடல் பக்கத்து நாடுகளை நோக்கிப் போனதாகச் சொல்கிறார்கள். நெடுந்தொலைவு போனதால் அவனுக்குத் 'தொலைதூரம் சென்ற இங்வார்' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. ஆனால் அந்தப் பயணம் நல்லபடியாக முடியவில்லை. 1041-ஆம் ஆண்டில் அவன் இறந்தான் என்று ஐஸ்லாந்து நாட்டுப் பழங்கதை நூல் கூறுகிறது. அவனோடு போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

திரும்பாத பிள்ளைகளுக்கு ஊரில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கல் நட்டார்கள். பெரிய பாறைக் கல்லில் 'ரூன்' எனப்படும் தங்கள் பழைய எழுத்தில், கல்லை நட்டவர் யார், யார் நினைவாக நட்டது, அவர் எங்கே போய் இறந்தார் என்பதைப் பொறித்து வைத்தார்கள். இங்வாரோடு போய் மாண்டவர்களின் நினைவாக நட்ட கற்களில் ஏறத்தாழ 26 இன்றும் அறியப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கிரிப்ஸ்ஹோல்ம் என்ற கோட்டையின் அருகே நிற்கிறது. தோலா என்ற தாய், ஹரால்ட் என்ற தன் மகனுக்காக நட்ட கல் அது. ஹரால்ட், இங்வாரின் சகோதரன். பின்னாளில் இந்தக் கல்லின் அருமை தெரியாமல் கோட்டைக்குள்ளேயே வாசற்படியாகப் போட்டு மிதித்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். பின்னரே அதை எடுத்து வெளியே நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் தோலாவின் பெயரையும் அவள் மகன் பெயரையும் இன்று இங்கே நாம் சொல்ல முடிகிறது என்றால், அவள் நட்ட அந்தக் கல்தான் காரணம்.

கல்லில் பெயர் பொறிப்பது நம் மரபிலும் உண்டு. போரில் இறந்த வீரனுக்குப் பெயரும் பெருமையும் பொறித்து நடுகல் நட்ட செய்தியைச் சங்க இலக்கியம் பல இடங்களில் சொல்கிறது. தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-ஆம் ஆண்டில் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அவற்றிலும் ஆளின் பெயரும் ஊரும் இருக்கின்றன.

இங்வார் என்ற பெயர் கிழக்கே போனபோது என்ன ஆயிற்று என்பதும் சுவையான செய்தி. தொலைதூரம் சென்ற இங்வாருக்கு முன்பே சுவீடன் பக்கத்து மக்கள் ரஷ்ய ஆறுகளின் வழியே வியாபாரத்துக்கும் போருக்கும் போயிருந்தார்கள். சிலர் அங்கேயே தங்கி ஆட்சியும் நடத்தினார்கள். உள்ளூர் மக்கள் நாவில் 'இங்வார்' என்பது திரிந்து 'இகோர்' ஆயிற்று. கீவ் நகரை ஆண்டு 945-ஆம் ஆண்டில் இறந்த இகோர் என்ற அரசனின் பெயர் இப்படி வந்ததுதான். அவன் மனைவி பெயர் ஒல்கா. அதுவும் வடநாட்டு 'ஹெல்கா' என்ற பெயரின் திரிபு. இன்று ரஷ்யாவிலும் உக்ரேனிலும் இகோர் என்ற பெயருடையவர்கள் ஏராளம். பிறந்த நாட்டில் அருமையாகிப் போன பெயர், போன நாட்டில் உருமாறி உயிரோடு இருக்கிறது.

நம் பெயர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் லட்சுமி என்று எழுதுகிற பெயரை நம் தோட்டத்துப் பாட்டிமார்கள் 'லெச்சுமி' என்றார்கள். தோட்டத்து ஆபீசில் இருந்த கிராணி அதைக் காதில் விழுந்தபடியே ஆங்கில எழுத்தில் எழுதினார். அந்த எழுத்தே பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் ஏறிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து வியப்பார்கள். சிலர் சிரிக்கவும் செய்வார்கள். சிரிக்க வேண்டியதில்லை. இங்வார் இகோர் ஆனதுபோல, லட்சுமி லெச்சுமி ஆனாள். அந்த எழுத்தில் ஒரு கடல் பயணமும் ஒரு தோட்டத்து நாவின் ஓசையும் பதிந்திருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு தொல்லையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே தந்தைக்குப் பிறந்த அண்ணன் பத்திரத்தில் தந்தை பெயர் ஒரு விதமாகவும், தம்பி பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். சுப்பையா என்ற பெயரில் ஓர் எழுத்து கூடும். முனியாண்டியில் ஓர் எழுத்து குறையும். தமிழ்ச்செல்வியில் வரும் 'ழ' என்ற எழுத்தை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். அன்றைக்கு அது பெரிதாகத் தோன்றாது. தந்தை காலமான பிறகு சேமநிதிப் பணத்துக்கோ வேறு உரிமைக்கோ மனுச் செய்யும்போது, 'இவர் உங்கள் தந்தைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேள்வி எழும். ஓர் எழுத்துக்காக எத்தனை நாள் கூலியை இழந்து அலைய வேண்டியிருக்கும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இனி, ஒரு பெயர் எப்படிப் பெருகுகிறது, எப்படி அருகுகிறது என்று பார்ப்போம். கிறிஸ்தவ சமயம் பரவிய பிறகு சுவீடன் மக்கள் யோவான், பேதுரு, அன்னா போன்ற விவிலியப் பெயர்களின் தங்கள் நாட்டு வடிவங்களை அதிகம் வைத்துக்கொண்டார்கள். பழைய வடநாட்டுப் பெயர்கள் பல ஒதுங்கிக் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே ஒரு விழிப்பு ஏற்பட்டது. தங்கள் பழங்கதைகளையும் பழைய கற்களையும் ஆர்வத்தோடு தேடிப் படித்தார்கள். அதோடு பழைய பெயர்களும் மீண்டும் தொட்டிலுக்கு வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்வார் என்பது சுவீடனில் பரவலாக வழங்கிய பெயர். கடைக்காரர் இங்வார் அந்தக் காலத்தில் பிறந்தவர்தான். 1934-ஆம் ஆண்டில் பிறந்து, பின்னர் 1986 முதல் 1991 வரையிலும் 1994 முதல் 1996 வரையிலும் அந்நாட்டின் பிரதமராக இருந்த இங்வார் கார்ல்சனும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே. அதன் பிறகு மோகம் மாறியது. இங்வார் என்றால் தாத்தாவின் பெயர் என்று ஆகிவிட்டது. இளைய பெற்றோர் வேறு பெயர்களைத் தேடினார்கள்.

நம்மிடையே நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கப்பலில் வந்த தலைமுறை குலதெய்வத்தின் பெயரையும் தாத்தா பாட்டியின் பெயரையும் வைத்தது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்று பொருள். இறந்த பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வடநாட்டாரிடமும் இருந்தது. பிறகு சீர்திருத்தக் காலம் வந்தது. தமிழகத்தில் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். பெரியார் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்தார். மீண்டும் 1954-ஆம் ஆண்டு இறுதியில் வந்தார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். இவர்கள் காட்டிய வழியில் தமிழ்ச்செல்வன், அன்பழகன், கண்ணகி, மணிமேகலை போன்ற பெயர்கள் தோட்டத்துத் தொட்டில்களுக்கும் வந்தன. நேதாஜியின் மேல் கொண்ட பற்றால் போஸ் என்று பெயர் பெற்றவர்களும் நம்மிடையே உண்டு. கடல் கடந்த பெயரும் நமக்குப் புதிதன்று. 1953-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் இறந்த நாள்களில் கலைஞர் கருணாநிதிக்குப் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரே அமைந்தது. அதன் பிறகு திரைப்படப் பெயர்களும், எண் சோதிடம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைத்து வைக்கும் பெயர்களும் வந்தன.

பெயர்கள் மாறுவது இயல்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. பழைய பெயரையே எல்லாப் பிள்ளைக்கும் வைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மாரியாயி, வீராயி, முனியாண்டி என்ற பெயர்களைத் 'தோட்டத்துப் பெயர்' என்று சொல்லி இளைஞர்கள் நகைப்பது மனத்தை வருத்துகிறது. பள்ளியில் தன் பாட்டியின் பெயரைச் சொல்லத் தயங்குகிற பிள்ளைக்கு, அந்தப் பெயரின் பொருளை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். மழையைத் தரும் தாயின் பெயர் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்று சொல்லும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் அடியாலும் பெருந்தொகையானவர்கள் மாண்டார்கள். அதே பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. எந்தத் தோட்டத்து எந்த லயத்திலிருந்து யார் போனார், யார் திரும்பவில்லை என்ற முழுப் பட்டியலும் இல்லை. 2023-ஆம் ஆண்டில்தான் காஞ்சனபுரியில் அந்தத் தமிழ்த் தொழிலாளர்களின் நினைவாக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. கல் நின்றுவிட்டது. ஆனால் அதில் எழுதுவதற்கு ஒவ்வொருவர் பெயரும் நம்மிடம் இல்லை.

தோலா தன் மகனுக்குச் செய்ததை நம் பாட்டிமார்களால் செய்ய முடியவில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. கல் நடச் சொந்த நிலமும் கிடையாது. நமக்கு இன்று எழுதத் தெரியும். ஆகவே, மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். தாத்தா பாட்டியின் பெயர், அவர்களுடைய தாய் தந்தையர் பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார்கள், ரஜுலாவா வேறு கப்பலா, முதலில் எந்தத் தோட்டம், பிறகு எந்தத் தோட்டம் என்பவற்றை எல்லாம் எழுதுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் குடும்பத்தில் இருந்தால் அவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். பெயரைத் தமிழில் எழுதி, அதன் பக்கத்திலேயே பத்திரத்தில் உள்ள ஆங்கில எழுத்தையும் எழுதுங்கள். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தின் பெயர்ப் பலகை போன பிறகு அந்த நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

இரண்டாவது, பிள்ளை பிறந்து பெயர் பதியப் போகும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பிள்ளையின் பெயரையும் தாய் தந்தையரின் பெயர்களையும், உங்கள் அடையாளக் கார்டில் உள்ள அதே எழுத்துகளில், பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்திரத்தைக் கையில் வாங்கியவுடன், அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். மூத்த பிள்ளையின் பத்திரத்தையும் கூடவே எடுத்துச் சென்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே சொல்வது எளிது. இருபது ஆண்டு கழித்துச் சொல்வது கடினம்.

மூன்றாவது, பிள்ளைக்கு அதன் பெயரின் பொருளையும் அதைத் தேர்ந்த காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். பெயர் பழையதோ புதியதோ, தமிழோ வேறு மொழியோ, யார் நினைவாக வைத்தோம், எதற்காக வைத்தோம் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அர்த்தமே சொல்ல முடியாத பெயரை எண்ணைக் கூட்டிப் பார்த்து வைப்பதற்கு முன், வீட்டிலிருக்கும் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல பெயர் ஒன்று அவர்கள் நினைவில் காத்திருக்கக்கூடும்.

இங்வார் காம்ப்ராட் 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தமது 91-ஆம் வயதில் காலமானார். அவருடைய பெயரின் முதல் எழுத்து தெம்பனிசில் உயரமான சுவரின் மேல் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது அந்த எழுத்தைக் காட்டி, மழைத் தெய்வத்தின் கதையையும் தோலா நட்ட கல்லின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூடவே உங்கள் பாட்டனார் பெயரையும் சொல்லுங்கள். அவருக்குச் சுவரும் இல்லை, கல்லும் இல்லை. நீங்கள் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.